மலேசியாவில் ஒரு தாமான் (குடியிருப்பு) கோயில் குழு: தண்ணீர்ப்பந்தல் சாமான்

சரோஜா: வணக்கம். நாளைக்குத் தண்ணீர்ப்பந்தலுக்குச் சாமான் வாங்கப் போகிறேன். போன வருடம் மாதிரி 1.5 லிட்டர் குளிர்பானப் போத்தல் 40 வாங்கவா? சிராப்புக்குச் சீனி 10 கிலோ போதுமா?

முனியாண்டி: போத்தல் விலை ஏறிவிட்டது சரோஜா. பார்த்து வாங்கு.

கவிதா: அது சீனி வரி அண்ணே. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று தொடங்கியது. 2024-ல் 50 காசு, 2025 ஜனவரியிலிருந்து 90 காசு. பெரிய போத்தலுக்கு 1 வெள்ளி 35 காசு வருகிறது.

முனியாண்டி: கடைசியில் நம் தலையில்தானே விழுகிறது?

கவிதா: விழுகிறதுதான். ஆனால் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் வரி. அதனால் பல கம்பெனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. போத்தலைத் திருப்பிப் பாருங்கள், போட்டிருக்கும். எனக்கு இந்த வரி நல்லதாகத்தான் படுகிறது. ஆனால் மாமாக் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக்) கடையில் ஆற்றித் தரும் பால் தேத்தண்ணீர், அந்தத் தே தாரிக்குக்கு இந்த வரி கிடையாது, நாம் கலக்கும் சிராப்புக்கும் கிடையாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மீனாட்சி பெரியம்மா: தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிய (பால் எடுத்த) காலத்தில் விடியற்காலையில் மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். மத்தியானத்துக்குள் எல்லாம் வேர்வையாகப் போய்விடும். வேலையை விட்டு இருபது வருடம் ஆச்சு, அந்த மூன்று கரண்டியை மட்டும் விடவில்லை. உங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு விரலை எடுத்த பிறகுதான் விட்டேன்.

சரோஜா: பெரியம்மா 🙏

கவிதா: 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள், பருமனானவர்கள். நம் வரிசை வீடுகளை எண்ணினாலும் பாதிக்கு மேல் வரும். போன வருடம் சிராப்புக்குச் சீனி கொட்டியது நான்தான். டிரம்மைக் கழுவும்போது அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கரையாமல் கிடந்தது. அதைத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் மனசு கேட்கவில்லை.

முனியாண்டி: சரி, பிள்ளைகள் சிராப் கேட்பார்களே?

கவிதா: ஒரு டிரம் வைப்போம், சீனி பாதி. மற்ற இரண்டிலும் நீர்மோர். போத்தல் வேண்டாம்.

முனியாண்டி: அன்னதானத்தில் கை வைக்காதே கவிதா.

கவிதா: இல்லை அண்ணே, காய் மட்டும் இன்னொன்று கூட்டுவோம். கிளினிக் சுவரில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், பாதி) தட்டுப் படம் ஒட்டியிருக்கிறதே, கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, பாதித் தட்டு காய், பழம். அந்த அளவுக்குக் கிட்டவாவது வரட்டும்.

மீனாட்சி பெரியம்மா: மோர் நான் கடைகிறேன். கருவேப்பிலை என் வாசலில் இருக்கிறது.

சரோஜா: அப்போ சீனி 3 கிலோ. தயிர் எவ்வளவு பெரியம்மா?