மருத்துவப் படிப்பில் நடுவில் விடுப்பு எடுத்தால் பின்னால் சிக்கலா?

கேள்வி:
இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நோய்க்குறியியலில் தோற்று, மறுதேர்விலும் இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டேன். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. நேற்று அழற்சி பற்றிய ஒரே பக்கத்தை நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வரி கூட மனதில் நிற்கவில்லை. விடுப்பு கேட்கலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தேர்வை எழுதிவிடட்டுமா?

பதில் 1:
தயவுசெய்து எழுதாதீர்கள். நான் அப்படித்தான் எழுதி இன்னொரு தோல்வியையும் சேர்த்துக்கொண்டு அப்புறம் விடுப்புக்குப் போனேன், விடுப்பு எடுத்ததால் பழைய தோல்வி ஏட்டிலிருந்து அழிந்துவிடவில்லை. மேற்படிப்பு நேர்காணலில் விடுப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. தோல்விகளைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.

பதில் 2:
எடுக்கலாம், ஆனால் வாய்மொழியாக எதையும் நம்பி விடாதீர்கள். படிப்பை முடிக்க உச்ச வரம்பு பல இடங்களில் உண்டு, அதில் விடுப்புக் காலமும் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வரும்போது மருத்துவர் சான்று வேண்டுமா, கல்விக்கடன் தவணை எப்போது தொடங்கும், விடுதி அறை இருக்குமா, எல்லாவற்றையும் கேளுங்கள். இன்னொன்று, உங்களைத் தேர்ச்சி பெற வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஆசிரியரிடமே மனதைக் கொட்டாதீர்கள், அதற்குத் தனி ஆலோசகர் இருந்தால் அங்கே போங்கள். தூக்கம் இவ்வளவு கெட்டிருந்தால் விண்ணப்பத்துக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, நாளைக் காலை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். தேர்வுக்கு இன்னும் பணம் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை.