புலாவ் உபின் பறவைப் பதிவில் சீறலும் வெடிப்பொலியும்: உதவி தேவை

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் விடிகாலையில் பறவைக் குரல்களைப் பதிவு செய்கிறேன். வீட்டில் கேட்கும்போது பின்னணியில் ஓயாத ‘உஸ்’ என்ற சீறலும், பதிவின் தொடக்கத்தில் இடையிடையே ‘பட் பட்’ என்ற வெடிப்பொலியும் இருக்கின்றன. கெயினை (பதிவின் ஒலிப்பெருக்க அளவை) குறைத்தால் பறவை கேட்பதில்லை. கூட்டினால் சீறலும் சேர்ந்து கூடுகிறது. சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். அதற்குள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

கிராஞ்சிக்காரர்:
எந்த ரெக்கார்டர்? ஒலிவாங்கி அதிலேயே உள்ளதா, தனியாக இணைத்ததா? காற்றிரைச்சலைத் தடுக்க மென்பஞ்சு உறை போட்டீர்களா, மயிருறை போட்டீர்களா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

நாணல்:
பறவை பாடும்போது சீறல் தணிந்து, அது நிறுத்தியதும் மெல்ல ஏறுகிறதா? அப்படியானால் கருவியின் தானியங்கி ஒலியளவு இயங்குகிறது என்று பொருள். அமைதியான நேரத்தில் அதுவே கெயினை ஏற்றிவிடும். மெனுவில் அதை அணைத்துவிட்டு, கோப்பு எம்பி3 ஆக இல்லாமல் சுருக்கப்படாத 24 பிட் வேவ் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழந்தின்னி:
என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் காரணம் ஈரப்பதம்தான். இரவு முழுவதும் ஏர்கான் அறையில் குளிர்ந்து கிடந்த ஒலிவாங்கியை விடிகாலையில் நம் ஊர் வெளிக்காற்றில் எடுத்தால், மூக்குக் கண்ணாடி போலவே அதன் சவ்விலும் நீர் படியும். சாதாரண மின்தேக்கி ஒலிவாங்கியின் மின்மறுப்பு மிக அதிகம் என்பதால், அந்த ஈரத்தின் வழியே மின்னேற்றம் கசிந்து வெடிப்பொலியாகக் கேட்கும். தொடக்கத்தில் மட்டும் கேட்பது இதற்கு நல்ல சான்று. ஜென்ஹைசரின் எம்கேஎச் வரிசை ஒலிவாங்கி ரேடியோ அலைவரிசைச் சுற்றில் இயங்கி ஈரத்தைத் தாங்குவதால்தான் மழைக்காடுகளில் பதிவு செய்பவர்கள் அதை நாடுகிறார்கள், ஆனால் விலை நம் பையைக் காலி செய்துவிடும். அதற்கு முன், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் கருவியை ஏர்கான் இல்லாத அறையில் வைத்துப் பாருங்கள்.

ஒலிமாமணி:
இதே கேள்வியை இங்கே ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள், தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. தம்பி, கையில் அடங்கும் ரெக்கார்டரை மரத்தடியில் நீட்டிக்கொண்டு காட்டைப் பதிவு செய்ய முடியாது. ஒலியை ஒலிவாங்கியில் குவிக்கும் குழிந்த பரவளையத் தட்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் விளையாட்டு.

கிராஞ்சிக்காரர்:
தட்டு உதவும்தான், ஆனால் எல்லா ஒலிக்கும் அன்று. அரை மீட்டர் அகலத் தட்டு ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒலியைத் திரட்டும், ஏனெனில் அதற்குக் கீழே அலைநீளம் தட்டை விடப் பெரிது. காட்டின் முழுச் சூழலையும் இருபுற ஒலியாக (ஸ்டீரியோ) எடுக்க நினைப்பவருக்குத் தட்டு தேவையும் இல்லை.

ஈசூன்வாசி:
பதில்களுக்கு நன்றி. தனி ஒலிவாங்கிதான், 3.5 மிமீ செருகி. படுக்கையறையில் ஏர்கான் உண்டு. மற்றதை இரவில் சொல்கிறேன்.

நாணல்:
அப்படியானால் ரெக்கார்டரில் பிளக்-இன் பவர் (செருகி வழியே ஒலிவாங்கிக்குப் போகும் மின்சாரம்) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிறு மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்குச் சில வோல்ட் போதும். 48 வோல்ட் ஃபேன்டம் பவர் எக்ஸ்எல்ஆர் இணைப்புக்கு உரியது.

கரையோரன்:
எதற்கு இவ்வளவு தலைவலி? மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் அடக்கும் 32 பிட் ஃப்ளோட் கருவி வாங்கிவிட்டால் கெயினைத் தொடவே வேண்டாம், சீறலும் போய்விடும்.

பழந்தின்னி:
போகாது. ஃப்ளோட் பதிவு உரத்த ஒலி வெட்டுப்படாமல் காக்கும், அவ்வளவுதான். சீறல் பிறப்பது ஒலிவாங்கி தானே எழுப்பும் உள்ளிரைச்சலிலும், அதன் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் ரெக்கார்டரின் முன்பெருக்கியிலும். 24 பிட் கோப்பே கொள்கையளவில் 144 டெசிபல் வீச்சைத் தாங்கும்போது, அந்த வீச்சை நிரப்பும் ஒலிவாங்கி எங்கே இருக்கிறது?

கரையோரன்:
என் ஃப்ளோட் கருவியில் சீறல் இல்லை. காதால் கேட்டுச் சொல்கிறேன், ஏட்டைப் படித்துச் சொல்லவில்லை.

பழந்தின்னி:
உங்கள் கருவியின் முன்பெருக்கி நல்லது என்பதே அதன் பொருள். அதே கருவியில் உள்ளிரைச்சல் 25 டெசிபல் உள்ள ஒலிவாங்கியைச் செருகி, அமைதியான காட்டில் பதிவு செய்து கேளுங்கள். ரோடு என்டி1 ஒலிவாங்கி போல உள்ளிரைச்சல் 5 டெசிபலுக்குள் அடங்கும் ஒன்றையும் அதே இடத்தில் வைத்துக் கேளுங்கள். பிட் எண்ணிக்கை மாறாது, சீறல் மாறும்.

ஒலிமாமணி:
நான் தட்டைச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

ஈசூன்வாசி:
தானியங்கி ஒலியளவு இயங்கிக்கொண்டிருந்தது, அணைத்துவிட்டேன். டப்பாவைச் சமையலறையில் வைத்து எடுத்துப் போனேன். வெடிப்பொலி அறவே இல்லை. சீறல் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. சாங்கி விமான நிலைய விமானங்களும் பம்போட் படகு இயந்திரமும் அடியில் உறுமுகின்றன.

கிராஞ்சிக்காரர்:
உறுமலுக்கு, பதிவின்போது எதையும் வெட்டாமல், கணினியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே வைக்கோல் நிறத் தலையுடைய சின்னானைத்தான் தேடுகிறீர்கள் என்றால் அதன் பாட்டுக்கு இதனால் கேடு வராது. சீறலைப் பொறுத்தவரை, தூரம் பாதியானால் பறவையின் ஒலி 6 டெசிபல் ஏறும், ஒலிவாங்கியின் இரைச்சல் ஏறாது. ஆனால் கூண்டு வணிகத்தால் அருகிப்போன அந்தப் பறவையை நெருங்கித் தொல்லை கொடுக்க வேண்டாம். அது வழக்கமாக வந்து அமரும் மரத்தருகே பாதையோரமாகக் கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு, நீங்கள் தள்ளிப்போய் உட்காருங்கள். உங்கள் மூச்சும் சட்டைச் சலசலப்பும் பதிவில் விழாமல் இருக்கும்.