ஹைப்ரிட் கார்: ரெடி விளக்கு வரவில்லை, எந்த பேட்டரி போயிருக்கிறது?

கேட்டவர்:
வணக்கம். என்னுடையது 2012 டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட். மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியால்தான் திறந்தேன். பவர் பட்டனை அழுத்தியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் மங்கலாக மினுக்கின, எங்கிருந்தோ டக்டக்கென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் கொடுத்ததும் கிளம்பியது. இருபது நிமிடம் ஓட்டினேன். மறுநாள் காலையில் மறுபடியும் அதே நிலை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்க்காமலே, "பெரிய பேட்டரி போயிடுச்சு, செலவு ஆகும்" என்கிறார். இரண்டு நாளாகச் சரியான தூக்கமே இல்லை.

பதில்:
நண்பரே, பதற வேண்டாம். ஜம்ப் கொடுத்ததும் ரெடி (வண்டி ஓடத் தயார் என்று காட்டும் விளக்கு) வந்தது என்றால் பெரிய பேட்டரி வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். நீங்கள் ஜம்ப் கொடுத்தது 12 வோல்ட் சின்ன பேட்டரிக்கு. அது இஞ்சினைச் சுற்றுவதே இல்லை. கணினிகளை எழுப்பி, 200 வோல்ட் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் என்ற மின் சுவிட்சுகளைப் போடுவதுதான் அதன் வேலை. அப்புறம் இஞ்சினைச் சுற்றுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார். டக்டக் சத்தம், போதிய வோல்ட் இல்லாமல் ரிலேக்கள் தடுமாறும் சத்தம்.

பானெட்டைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஜம்ப் முனை இருக்கும். மல்டிமீட்டரின் ப்ளஸ் முனையை அங்கே வைத்து, மைனஸை வெறும் உலோகத்தில் வையுங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ரெடியில் 14-ஐ ஒட்டிக் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது.

கேட்டவர்:
அண்ணா, அளந்தேன். ஓய்வில் 11.3, ரெடியில் 14.1. பேட்டரி போட்டு ஆறு வருடம் ஆகிறது. சாதாரண கார் பேட்டரியே போட்டுக்கொள்ளலாமா? விலை குறைவு.

பதில்:
போடாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உங்கள் வண்டியில் பேட்டரி டிக்கியின் வலது மூலையில், நீங்கள் மூச்சு விடும் அதே காற்றில் இருக்கிறது. சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். ஏஜிஎம் வகையில் அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும். வாயுவும் பெரும்பாலும் உள்ளேயே திரும்பச் சேர்ந்துவிடும். மிஞ்சுவது ஒரு மெல்லிய குழாய் வழியாக வண்டிக்கு வெளியே போகும். அந்தக் குழாய்க்குத் துளை உள்ள ஏஜிஎம் பேட்டரியே வாங்குங்கள். ப்ளஸ் முனை எந்தப் பக்கம், முனையின் தடிமன் என்ன என்பதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். ப்ளஸையும் மைனஸையும் மாற்றி மட்டும் மாட்டிவிடாதீர்கள். ஒரு நொடியில் ஃபியூஸ் போகும், பெரிய பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வரைக்கும் கூட அடி விழலாம். பெரிய பேட்டரியின் மின்சாரம் போகும் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடக்கூடாது.

இன்னொருவர்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மின்சாரம் இல்லாதபோது டிக்கி கதவு வெளியிலிருந்து திறக்காது, பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. ஜம்ப் கொடுத்துத் திறந்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிய பிறகு வேலை முடியும் வரை மூடாதீர்கள். நான் மூடிவிட்டு, பின் சீட்டைச் சாய்த்து உள்ளே தவழ்ந்து போய் அவசர நெம்புகோலைத் தேடினேன்.

பதில்:
அப்புறம், புது பேட்டரி போட்டதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்தில் இப்படி வடிந்தது வெறும் வயசால் மட்டும்தானா என்று பாருங்கள். கேமரா மாதிரி ஏதாவது வண்டி வாங்கிய பிறகு தனியாக மாட்டியிருக்கிறீர்களா?

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், அரை மணி நேர வேலை. 10 மிமீ ஸ்பேனர் ஒன்றே போதுமாக இருந்தது. பழையதைத் தூக்கும்போது அந்த மெல்லிய குழாய் நழுவிப் பக்கத்து இடுக்கில் விழுந்துவிட்டது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதைத் தேடியே இருக்க மாட்டேன். வண்டி முதல் அழுத்தத்திலேயே ரெடி ஆனது. கண்ணாடி ஜன்னல்கள் மட்டும் தானாக ஏறி இறங்க மறுத்தன. கையேட்டில் உள்ளபடி மறுபடி பழக்கியதும் சரியாகிவிட்டது.

கேமரா பற்றிக் கேட்டீர்களே, இருக்கிறது. அதற்கு வயர் இழுத்ததும் நானேதான். நிறுத்திய வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டி, கதவு மூடியிருப்பதாக வண்டி நினைக்கும்படி டிக்கி பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். மீட்டர் 260 மில்லி ஆம்பியர் காட்டியது. கேமரா ஃபியூஸை உருவினதும் 20-க்கு இறங்கியது.

பதில்:
260 என்றால் நாளுக்கு 6 ஆம்பியர்-மணிக்கு மேல். 45 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தாலும் ஒரு வாரத்தைத் தாண்டுவது கஷ்டம். கேமராவை, வண்டியை அணைத்தால் தானும் அணையும் ஃபியூஸுக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன் அண்ணா. பத்து நாள் வண்டியைத் தொடாமல் விட்டுவிட்டு இன்று காலை அளந்தேன்: 12.5. மிக்க நன்றி.