நேபாள நிலநடுக்கம் 2015: நிவாரணம் மலைக்கு ஏன் ஏறவில்லை?

கேள்வி: ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் குலுங்கியதும் பல நாடுகள் உதவிக்கு ஓடிவந்தன. அப்படியும் சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமங்களில் குடும்பங்கள் ஒரு தார்ப்பாய்கூட இல்லாமல் மழையில் கிடந்தார்களே, எங்கே அடைபட்டது?

பதில்: முதலில் காத்மாண்டு விமான நிலையம். ஒரே ஓடுபாதை, அதுவும் சேதமாகிவிடும் என்று மே தொடக்கத்தில் பெரிய விமானங்களை இறங்கவிடவில்லை. நல்லவேளை, ஒரு மாதம் முன்புதான் உலக உணவுத் திட்டம் அங்கே பொருள்களைப் பிரித்தனுப்பும் கிடங்கைத் திறந்திருந்தது, அது மட்டும் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்.

பதில்: அப்புறம் சாலை. மண்சரிவில் பாதையே போனபின் லாரி எப்படி ஏறும்? சுமை தூக்குபவர்கள் முதுகிலும் கோவேறு கழுதை மேலும்தான் பல ஊர்களுக்கு அரிசி போனது.

பதில்: நான் ஒரு நிவாரணப் பொருள் சேகரிப்பு முகாமில் மூட்டை பிரித்தேன். மேலே ஜரிகைப் புடவை, அடியில் ஜோடியில்லாத குழந்தைச் செருப்பு. மலைக்கிராமங்களில் கேட்டதோ தார்ப்பாயும் கயிறும், ஜூனில் பருவமழை வேறு. தயவுசெய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள். பொருள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலும், குடும்பப் பட்டியல் இல்லாவிட்டால் ரோட்டோர வீட்டுக்கு இரண்டு முறை கிடைக்கும், மேட்டு வீட்டுக்கு ஒன்றும் இருக்காது.

கேள்வி கேட்டவர்: சரி, பட்டியலை யார் எடுப்பது?

பதில்: ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.