வாசிக்கிறார்கள், புரியவில்லை

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழிதான். பத்தியைப் பிசகில்லாமல் சத்தமாக வாசிப்பார்கள், "என்ன சொல்லுது?" என்றால் கூரையைப் பார்ப்பார்கள். என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், என்ன கற்றேன் என்று மூன்று கட்டம் உள்ள கே-டபிள்யூ-எல் அட்டவணை கொடுத்துப் பார்த்தேன். 'என்ன தெரிய வேண்டும்' கட்டத்தில் ஒருவன், "மணி எப்போ அடிக்கும்?" என்று எழுதியிருந்தான். வேறு வழி உண்டா?

பதில்: டீச்சர், நாலு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் சுருக்கிச் சொல்ல, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் விளங்காததைத் தெளிவாக்க, ஒருவர் அடுத்து வருவதை ஊகிக்க. பத்திக்குப் பத்தி வேலை மாறட்டும். கல்வி ஆய்வாளர்கள் பாலின்சரும் பிரவுனும் 1984இல் விவரித்த முறை. பேச்சு கிரியோலில் இருந்தால்தான் என்ன?

பதில்: அதற்கு முன்னால் நீங்களே ஒரு பத்தியை வாசித்து, எங்கே தடுக்கி நிற்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள், அக்கா.

கேட்டவர்: சரி, கிரியோலுக்கு விட்டுவிட்டேன். ஊகிக்கிற வேலைக்குத்தான் சண்டை! சுருக்கம் மட்டும் இன்னும் முழுப் பத்தியாகவே வருகிறது.