‘உப்புவெளி உறவுகள்’ குழு: பில்லில ஏன் ஆம்ஸ்டர்டாம்?

நிலாவெளி அக்கா (7:42): அறை பிடிச்சுக் குடுக்கிற இணையத்தளம் புக்கிங் டாட் கொம்மின்ர கொமிஷன் பில் வந்திருக்கு. விலாசம் ஆம்ஸ்டர்டாம். 20,000 ரூபா அறைக்கு 15% எண்டா 3,000. இந்த 3,000க்கு எங்கட நாட்டுக்கு வரி ஏதும் வருமோ?

கணக்கு அண்ணை (7:46): லாபவரி வராது அக்கா. இலங்கைக்கும் நெதர்லாந்துக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு. பில் போடுற கொம்பனிக்கு இஞ்ச நிரந்தர வியாபார இடம் இல்லாட்டி, லாபத்தில கை வைக்கிற உரிமை அங்கத்தைய அரசுக்குத்தான். எங்கட 30% கொம்பனி வரி அதைத் தொடாது.

கணக்கு அண்ணை (7:47): அங்கயும் முழு 25.8% இல்லை. சொந்தமாச் செய்த மென்பொருளால வந்த லாபம் எண்டு காட்டினா, அந்தப் பங்குக்கு 9%தான். சட்டமே குடுத்த சலுகை. ஒளிச்சுச் செய்யேல்லை, ஆண்டறிக்கையிலயே எழுதுகினம்.

சின்னமாமா (7:51): கூகிள் பெர்முடாவுக்குக் காசு கொண்டுபோனதும் உதே வழிதானே?

டப்ளின் தம்பி (7:58): இல்லை மாமா, அது வேற தரம். அதில ரெண்டு ஐரிஷ் கொம்பனி, நடுவில ஒரு டச்சுக் கொம்பனி. எல்லாத்துக்கும் முதல், தேடுபொறியின்ர உரிமையை அமெரிக்காவுக்கு வெளிய பாவிக்கிறதுக்கு எண்டு முதலாவது ஐரிஷ் கொம்பனிக்கு எழுதிக் குடுக்கிறது. உரிமை எவரிட்டையோ லாபமும் அவரிட்டை. மிச்சமெல்லாம் குழாய் வேலை.

டப்ளின் தம்பி (8:03): அந்தக் கொம்பனி பதிஞ்சது அயர்லாந்தில, நிர்வாகம் பெர்முடாவில. கொம்பனி எங்க பதிஞ்சதெண்டு பார்க்கிறது அமெரிக்கச் சட்டம். எங்கயிருந்து நிர்வாகம் நடக்குதெண்டு பார்த்தது அந்த நேரத்து ஐரிஷ் சட்டம். அமெரிக்காவுக்கு அது ஐரிஷ்காரன், அயர்லாந்துக்கு அது பெர்முடாக்காரன். மூதூரில கேட்டா திருமலையில நிக்கிறன், திருமலையில கேட்டா மூதூரில நிக்கிறன் எண்டு சொல்லுற ஆள் மாதிரி. பெர்முடாவிலயோ அந்த நேரம் கொம்பனி லாபத்துக்கு வரியே இருக்கேல்லை 😀

உவர்மலை மச்சாள் (8:05): டச்சுக்காரன் எதுக்கு நடுவில?

டப்ளின் தம்பி (8:12): அயர்லாந்தில இருந்து நேர பெர்முடாவுக்கு ரொயல்டி (உரிமையைப் பாவிக்கிறதுக்குக் கட்டுற காசு) அனுப்பினா 20% வரி பிடிச்சு வைக்கோணும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள ஒரே குழுமக் கொம்பனிகளுக்கு அனுப்பினா பிடிக்கத் தேவையில்லை. நெதர்லாந்து 2020 முடியும் வரைக்கும் வெளிய போற ரொயல்டியில ஒண்டும் பிடிக்கேல்லை. ரெண்டு கதவையும் சேர்த்துப் பாருங்கோ. கூகிளின்ர டச்சுக் கொம்பனிக்கு வேலையாள் ஒருத்தரும் இருக்கேல்லை. 2017ல மட்டும் அதுக்குள்ளால போனது 19.9 பில்லியன் யூரோ.

கணக்கு அண்ணை (8:17): ஒரு உதாரணக் கணக்கு போடுறன், நிஜ எண் இல்லை. விளம்பரக் காசு 100 டப்ளினில இருக்கிற ரெண்டாவது ஐரிஷ் கொம்பனிக்கு வருது. சம்பளம், கந்தோர் 25. ரொயல்டி 70. மிச்சம் 5. அதில 12.5% வரி 0.625. நெதர்லாந்தில ஒரு சின்னத் துண்டை விட்டிட்டு அந்த 70 பெர்முடாவுக்குப் போயிடும். எல்லாத் தந்திரமும் அந்த 70ஐ எவ்வளவு கூட்டலாம் எண்டதிலதான். வரிகாரர் சண்டை பிடிக்கிறதும் அந்த எண்ணோடதான், ஏனெண்டா கூகிளின்ர தேடுபொறிக்குச் சந்தை விலை எண்டு ஒண்டில்லை. தேங்காய் எண்டா பக்கத்துக் கடையில விசாரிக்கலாம்.

சின்னமாமா (8:19): அப்பிளை வளைச்சுப் பிடிச்சவங்கள் தானே?

டப்ளின் தம்பி (8:26): அப்பிளுக்கு டச்சுக்காரன் தேவைப்படேல்லை. ஒரே ஐரிஷ் கொம்பனிக்குள்ள லாபத்தில பெரும்பங்கை 'தலைமை அலுவலகம்' எண்ட பேரில ஒதுக்கிவிட்டாங்கள். அந்த அலுவலகம் பேப்பரில மட்டும். ஆளில்லை, கட்டிடம் இல்லை, எந்த நாட்டிலயும் வரி இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின்ர கணக்கில 2014ல விழுந்த வரி 0.005%. பத்து லட்சம் யூரோவுக்கு 50 யூரோ! 2016ல அயர்லாந்துக்கு 13 பில்லியன் யூரோ கட்டச் சொல்லி ஆணையம் உத்தரவு போட்டது, 2020ல ஐரோப்பிய ஒன்றியத்தின்ர கீழ் நீதிமன்றம் அதை ரத்துப் பண்ணினது, 2024 செப்டம்பரில மேல் நீதிமன்றம் திருப்பி உறுதிப்படுத்தினது. அந்தக் காசு வேண்டாமெண்டு வழக்காடினதில அயர்லாந்தும் ஒரு ஆள், அதுதான் பெரிய பகிடி.

உவர்மலை மச்சாள் (8:27): இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

உவர்மலை மச்சாள் (8:28): பிழையா அனுப்பிட்டன். இப்ப இந்த ஓட்டையை அடைச்சாச்சா?

டப்ளின் தம்பி (8:35): பழைய வழி 2020ஓட முடிஞ்சுது. புது வழி: உரிமையை அயர்லாந்துக்கே கொண்டு வந்து, தன்ர கடல்கடந்த கொம்பனியிட்டயே பெரிய விலைக்கு 'வாங்கி', அந்த விலையை வருசா வருசம் தேய்மானமாக் கழிக்கிறது. 2015ல ஐரிஷ் பொருளாதாரம் ஒரே வருசத்தில 26% வளர்ந்ததாக் கணக்குக் காட்டினது இப்பிடி உரிமைகள் வந்து இறங்கினதாலதான் பெரும்பாலும். வயலும் கூடேல்லை, தொழிற்சாலையும் கூடேல்லை.

கணக்கு அண்ணை (8:41): வருமானம் 75 கோடி யூரோவுக்கு மேல உள்ள குழுமங்களுக்கு 15% குறைந்தபட்ச வரி எண்டு 2021 ஒக்டோபரில 136 நாடு ஒத்துக்கொண்டது. இலங்கை அப்ப சேரேல்லை. கென்யா, நைஜீரியா, பாகிஸ்தானும் அப்பிடித்தான். 2025 ஜூனில ஜி7 நாடுகள் அமெரிக்கத் தலைமைக் கொம்பனிகளுக்கு அதில விலக்குக் குடுக்க இணங்கிட்டுது. அடைச்ச ஓட்டையைத் திருப்பித் திறந்த மாதிரித்தான் எனக்குப் படுது.

நிலாவெளி அக்கா (8:44): அப்ப 18% வற் (பெறுமதி சேர் வரி) வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கும் எண்டு கதைச்சாங்களே, அது அவையிட்டப் பிடிக்கிறதோ?

கணக்கு அண்ணை (8:50): அது லாபவரி இல்லை அக்கா, விலைக்கு மேல போடுறது. சட்டம் 2025ல வந்தது, துவங்கிற தேதிதான் தள்ளித் தள்ளிப் போனது. உங்கட 3,000க்கு மேல 18% எண்டா 540. அதை அவை வாங்கி இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவினம், காசு போறது உங்கட பொக்கற்றால.

கணக்கு அண்ணை (8:53): நீங்க பார்க்க வேண்டியது வேற. கையில வந்த 17,000ஐ மட்டும் வருமானமா எழுதாதேங்கோ. 20,000ஐ வருமானத்திலயும் 3,000ஐச் செலவிலயும் காட்டோணும். ரெண்டுக்கும் லாபம் ஒண்டுதான், ஆனா அவையின்ர பில்லும் உங்கட புத்தகமும் ஒத்துவராட்டி விளக்கம் கேப்பினம். மாதம் மாதம் பில்லை டவுன்லோட் பண்ணி எடுத்து வையுங்கோ, வேற ஃபோனுக்கு மாறேக்க தேடிக்கொண்டு நிக்கக்கூடாது.

நிலாவெளி அக்கா (8:55): சரி தம்பி. மார்ச் மாசப் பில்லைத்தான் காணேல்லை, தேடுறன்.