ஏற்காடு மலை மண் மாதிரி வேண்டும், கூடவே ஒரு சந்தேகம்

சேலம், ஏற்காடு நண்பர்களுக்கு வணக்கம். பாறை மண்ணாகும் படிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட, சேர்வராயன் மலையிலிருந்து மூன்று மாதிரி தேவை: வெங்காயத் தோல்போல் உரியும் சார்னோகைட் கல் (உள்ளே கரும்பச்சை, வெளியே துருப் பழுப்பு இருந்தால் நல்லது), அதற்கு மேலே கையால் பொடியாகும் சிதைந்த பாறை, அதற்கும் மேலே செம்மண். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ போதும்.

கிணற்றுக்கோ அஸ்திவாரத்துக்கோ ஏற்கெனவே தோண்டிய குழியில், உரிமையாளரைக் கேட்டுவிட்டு எடுங்கள். மலைப்பாதைச் சரிவின் அடியில் மட்டும் கை வைக்காதீர்கள். அடி போனால் மழையில் மேலே இருப்பது சரியும். குழிச் சுவரில் 5 செ.மீ. சுரண்டிக் கழித்துவிட்டு எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். ஆழத்தைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

இப்போது சந்தேகம். செம்மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பிக் குலுக்கினால் பெரும்பகுதி ஒரே நிமிடத்தில் மணலாகப் படிகிறது. விரலில் தேய்த்தாலோ களிபோல் வழுக்குகிறது! இரும்பு ஆக்சைடு களித்துகள்களை உருண்டையாக ஒட்டிவைத்திருப்பதுதான் காரணம் என்று தெரியும். லிட்டருக்கு 50 கிராம் கால்கன் (களித்துகள்களைப் பிரித்துவிடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் உப்பு) கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தும் பாதிதான் பிரிந்தது. மிக்ஸியில் அடித்தால் உண்மையான மணலும் உடையுமோ என்று பயம். இந்த மலை மண்ணைப் பிரித்துப் பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள்? சேலத்தில் கால்கன் சில்லறையாக எங்கே கிடைக்கும்?